டிராக்டருக்கும் வில்லங்கம் பாருங்கள்



ஒரு ஜோடி உழவு மாடு வாங்க நம் பெரியவர்கள் சந்தைக்குப் போன காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இன்னார் வீட்டு மாடு, ஏன் விற்கிறார் என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

நிலம் வாங்குவதானால் கேட்கவே வேண்டாம். மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் பார்க்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

ஆனால் மூன்று லட்சம், நான்கு லட்சம் கொடுத்துப் பழைய டிராக்டர் வாங்கும்போது மட்டும் இந்தக் கவனமெல்லாம் எங்கே போய்விடுகிறது? பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா, இழுவை எப்படி என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அதனால் வருகிற தொல்லையைப் பற்றியும், அதைத் தவிர்ப்பது எப்படி என்பது பற்றியும் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

புரட்டாசியில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். ஐந்து ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. குறுவை உழவு நேரத்தில் வாடகை டிராக்டருக்குக் காத்துக் கிடந்து அலுத்துப்போய், சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். மனைவியின் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்தார். கையில் இருந்ததையும் சேர்த்துக் கொண்டார். வைகாசி மாதம் ஒரு புரோக்கர் மூலமாக வண்டி வந்து சேர்ந்தது.

"அண்ணே, ஆர்.சி. கையிலயே இருக்கு. ஓனர் இருபத்தொன்பதுலயும் முப்பதுலயும் கையெழுத்துப் போட்டே குடுத்துட்டாரு. எப்ப வேணும்னாலும் பேரை மாத்திக்கலாம், அவசரமே இல்ல" என்றார் புரோக்கர்.

இவரும் நம்பினார். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஏற்றி, வண்டியை வயலில் இறக்கினார். குறுவைக்கு உழுதார். நாலு பேருக்கு வாடகைக்கும் ஓட்டினார். "பேர் மாத்தலையா?" என்று கேட்டதற்கு, "அறுப்பு முடியட்டுங்க, கையில காசு வரட்டும்" என்றார்.

புரட்டாசி வந்தது. குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு உழவு. வண்டி கேஜ் வீல் மாட்டிக்கொண்டு சேற்றில் நிற்கிறது. அப்போது ஜீப்பில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கடன் கொடுத்த கம்பெனியின் ஆட்களாம். வண்டியை முதலில் வாங்கியவர் எட்டுத் தவணை கட்டவில்லையாம். காகிதத்தைக் காட்டினார்கள். வண்டி கரையேறும் வரை காத்திருந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விற்றவருடைய செல்போன் அணைத்துக் கிடந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று புரோக்கர் கையை விரித்துவிட்டார்.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மணிக் கணக்கில் வாடகை கொடுத்து வேறு வண்டி பிடித்து நட்டார். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் எது தெரியுமா? அந்த ஆர்.சி.யை அவர் என்னிடம் காட்டினார். கடன் இருக்கிற விவரமும், கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் அதிலேயே அச்சாகி இருந்தது. பொடி எழுத்து, ஆங்கிலம். பிளஸ் டூ படிக்கிற அவருடைய மகள் அதை வாங்கி அரை நிமிஷத்தில் படித்துவிட்டாள். "வாங்குறப்பவே என்கிட்ட காட்டியிருக்கலாமேப்பா?" என்றாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆர்.சி. என்பது என்ன?

ஆர்.சி. புத்தகம் என்று பழக்கத்தில் சொல்கிறோம். இப்போது அது அட்டையாக வருகிறது. நிலத்துக்குப் பட்டா எப்படியோ, வண்டிக்கு அது அப்படி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, யாருடைய பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தவரோ, சாவி வைத்திருப்பவரோ, ஓட்டுகிறவரோ சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளர் ஆவதில்லை.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே, போனிலேயே வண்டி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். நம்பர் சொல்லத் தயங்குகிறவரிடம் வண்டி பார்க்கவே போக வேண்டாம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலும் எம்-பரிவாஹன் என்ற செல்போன் செயலியிலும் அந்த நம்பரைப் போட்டால் வண்டியின் விவரம் வரும். எந்த ஆண்டு பதிவு, பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்பதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். உங்களுக்கு வராவிட்டால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்பரின் முதல் பகுதியே ஓரளவு கதை சொல்லும். டி.என். 49 என்றால் தஞ்சாவூர். 50 திருவாரூர். 51 நாகப்பட்டினம். 68 கும்பகோணம். 82 மயிலாடுதுறை. பி.ஒய். 02 என்றால் காரைக்கால். இதில் நம் பகுதிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்தான் காரைக்கால். ஆனால் வாகனப் பதிவில் அது புதுச்சேரியைச் சேர்ந்தது, வேறு எல்லை. அங்கே பதிவான வண்டியை வாங்கினால், அங்கே பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதைக் கொண்டுவந்து தமிழ்நாட்டில் வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். பஞ்சாப், ஹரியானாவிலிருந்து மலிவாக வருகிற வண்டிகளுக்கும் இதேதான். அந்தச் சான்று இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் நமக்கு வேண்டாம்.

நேரில் போனதும்

ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் என்று இரண்டு எண்கள் இருக்கும். வண்டியிலும் அவை அடித்திருக்கும். எந்த இடத்தில் அடித்திருக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். சேறும் கிரீஸும் அப்பியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்தோமே, அதுபோல எண் அச்சாக விழும். அந்தத் தாளையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். கடைசி நாலு எண் ஒத்துப்போகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

எண் இருக்கிற இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட், அரம் போட்ட தடம், வெல்டிங், கோணல்மாணலான எழுத்து, புதிதாக அடித்த ரிவெட் இவற்றில் ஏதாவது தென்பட்டால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் மாற்றியது என்று சொன்னால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரெய்லரோடு சேர்த்து வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி நம்பர், தனி ஆர்.சி. உண்டு. "அது டிராக்டரோட சேந்ததுதாங்க" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

பதிவின் ஆயுளையும் பாருங்கள். விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய், ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு ஆன வண்டியை வாங்கவே கூடாது என்பதில்லை. ஆனால் புதுப்பித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "வயல்லதானே ஓடுது, ஆர்.சி. எதுக்கு?" என்பார்கள். வயலுக்குப் போவதற்கும் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோவதற்கும் ரோட்டில்தானே போக வேண்டும்?

கடன் தீர்ந்ததா?

இதுதான் டிராக்டரின் வில்லங்கம். புது டிராக்டர்களில் பெரும்பாலானவை கடனில்தான் வாங்கப்படுகின்றன. கடன் இருக்கும்வரை, கொடுத்த வங்கி அல்லது கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் இருக்கும். கடன் தீர்ந்ததும் அது தானாக அழிந்துவிடாது. வங்கி தடையில்லாக் கடிதம் கொடுத்து, படிவம் 35-இல் கையெழுத்துப் போட வேண்டும். அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, அந்தப் பதிவை நீக்க வேண்டும்.

"கடனெல்லாம் கட்டிட்டேன், லெட்டர்தான் வாங்கலை" என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பலர் உண்மையிலேயே அப்படி விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை அவரே வாங்கி, பதிவை நீக்கிய பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கள். பாக்கி இருக்கிறது என்றால், அவரோடு நீங்களும் வங்கிக்குப் போங்கள். எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை விற்கிறவர் கையில் கொடுக்காமல், அவருடைய கடன் கணக்கிலேயே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். மீதியை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

அரசு மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள். மானியத்தில் வாங்கியதைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொள்வது நல்லது.

வழக்கில் சிக்கிய வண்டி

நம் பகுதியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. கொள்ளிடத்திலும் மற்ற ஆறுகளிலும் அனுமதியில்லாமல் மணல் அள்ளிப் பிடிபடுகிற வண்டிகளில் டிராக்டர்களும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி, அப்படிப் பிடிபட்ட வண்டியை நீதிமன்றம் அடியோடு பறிமுதல் செய்யவும் முடியும். வழக்கு முடியும் முன் இடைக்காலமாக வண்டியை விடுவிக்கும்போது, விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். அப்படி வெளியே வந்த வண்டியைச் சிலர் சத்தமில்லாமல் விற்றுவிடப் பார்ப்பார்கள். சந்தை விலையைவிட அறுபது, எழுபதாயிரம் குறைவாகச் சொன்னால் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். காரணம் கேளுங்கள்.

விற்கிறவருடைய ஊருக்கே போய், டீக்கடையில் ஒரு டீ குடித்தால் போதும். வண்டி யாருடையது, எங்கே ஓடியது, யார்மேல் மோதியது, ஸ்டேஷனில் எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் வந்துவிடும். திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையும் இருக்கிறது. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்கலாம்.

வண்டியே சொல்லும் சரித்திரம்

காகிதம் சரியாக இருந்தால் அடுத்து வண்டி. இதை உங்கள் மெக்கானிக் என்னைவிட நன்றாகச் சொல்வார். நாலே விஷயம் சொல்கிறேன்.

காலையில் சொல்லாமல் போங்கள். எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது முதல் ஸ்டார்ட்டில் எப்படி எழும்புகிறது, என்ன புகை விடுகிறது என்று பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் உண்மையைச் சொல்லாது.

ஹவர் மீட்டர் எத்தனை மணி நேரம் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். கிளட்ச் பெடல், பிரேக் பெடல் தேய்ந்து வழவழப்பாக இருக்க, மீட்டர் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு மணி காட்டினால் யோசியுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018-இல் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். வண்டியின் வயதுக்கும் டயருக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நம் வண்டிகள் சேற்றுழவில் ஓடுகிறவை. ஆயில் சீல் போனால் தண்ணீரும் சேறும் உள்ளே ஏறிவிடும். கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். முன்சக்கர ஹப்பையும் ஆட்டிப் பாருங்கள்.

ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். அது தானாக இறங்கிக்கொண்டே வந்தால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது.

பணம் கொடுக்கும் முறை

எல்லாம் திருப்தி என்றால், சிறிய தொகை மட்டும் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதுங்கள். வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், மொத்த விலை, எந்தத் தேதிக்குள் பெயர் மாற்றித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெரிய தொகையை வங்கி மூலமாகவே கொடுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவருடைய கணக்கில்தான் போட வேண்டும். புரோக்கர் கணக்கில் போடக் கூடாது.

பழைய வண்டி விற்கும் கடையில் வாங்குவதானால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அந்தக் கடைக்காரர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால், வாரிசுச் சான்றைக் கொண்டு படிவம் 31 மூலம் முதலில் அவர் பெயருக்கு மாற்றட்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அண்ணன் விற்ற வண்டியைத் தம்பி வந்து கேட்பார்.

வண்டியை எடுத்துக்கொள்ளும்போது தேதியோடு மணியையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள்.

பிறகு தாமதிக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் நடக்கிற விற்பனைக்கு விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-இல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-இல் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். வண்டியோடு மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே மாறிவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அப்படி மாறாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிரெய்லரும் அந்தப் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

பெயர் மாற்றுவது வாங்குகிறவர் கவலை என்று நினைக்கக் கூடாது. வட நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். அது பல கை மாறிப் போயிற்று. யாருமே பதிவேட்டில் பெயரை மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. காருக்கு இன்சூரன்ஸும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், ஆகவே நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்று இரண்டு வருஷம் ஆன வண்டிக்கு விற்றவர் தலையில் சுமை ஏறியது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். அந்த வண்டி இன்று யார் வீட்டில் நிற்கிறது, யார் ஓட்டுகிறார் என்று உங்களுக்கே தெரியாது.

விவசாயப் பெருமக்களே, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் நம்பர். பிறகு ஆர்.சி.யும் அடித்த எண்களும். பிறகு கடன், வழக்கு, வாரிசு. அப்புறம் வண்டி. கடைசியில்தான் பணம். பணம் கொடுத்த முப்பது நாளுக்குள் பெயர் மாற்றம். இதற்கு ஆகிற செலவு, இரண்டு நாள் அலைச்சலும் கொஞ்சம் கட்டணமும்தான்.

1960-களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டுத் தைரியமாகப் பயிர் செய்து, அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் இந்தத் தஞ்சைச் சீமை விவசாயிகள். நல்லதைச் சொன்னால் செய்து பார்க்கிறவர்கள் நீங்கள். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவும் சொன்னேன்.

மேட்டூர் திறக்கப் போகிறார்கள், உழவு நெருங்குகிறது என்ற அவசரத்தில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஆகவே வாங்குகிற எண்ணம் இருந்தால் சித்திரையிலேயே பார்க்கத் தொடங்குங்கள். ஆர்.சி.யைக் கையில் வாங்கியதும் சட்டைப் பையில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுல என்ன போட்டிருக்கு, படிம்மா" என்று ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.